ஆட்டு எரு இருக்க, கல்லு மண் மேல் பழியா?

மேச்சேரி என்றாலே ஆடுதான். அந்த இனத்துக்காகவே 1978-ல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பல வீட்டுக் கொல்லையில் ஒரு கத்தரிச் செடி கிடையாது. கேட்டால், "மண்ணு கல்லாட்டம் கெடக்குதுங்க" என்று பதில்!

அந்த மண்ணோடு மல்லுக்கட்டுவானேன்? மேட்டுப்பாத்தி கட்டலாமே! பழைய ஹாலோபிளாக் கல்லை ஒரு அடி உயரத்துக்கு அடுக்கினால் போதும். அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் நின்றால் கை எட்டணும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகிப்போகும். செம்மண் 2 பங்கு, ஆட்டு எரு 1 பங்கு. எரு நன்றாக மக்கியிருக்கணும். பச்சையாகக் கொட்டினால் நாற்று கருகிவிடும்.

கோடையில் மேட்டுப்பாத்தி சீக்கிரம் காயும், உண்மைதான். நிலக்கடலைத் தோலைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது புலம்பாதவர் யார்? கொல்லையில் 4 செடி காய்த்திருந்தால் ரசத்துக்காவது ஆகியிருக்கும்!