தெரியாத ஆக்களோட கதையுங்கோ

"தெரியாத ஆக்களோட கதைக்காதை." ஸ்காபரோவில் வளர்ந்த எங்களில் இதைக் கேட்காமல் பள்ளிக்கூடம் போனவர்கள் எத்தனை பேர்? ஐந்து வயதில் அது நல்ல புத்திமதி. இருபது வயதிலும் அதையே பிடித்துக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டி, பக்கத்தில் இருப்பவரை ஏறெடுத்தும் பார்க்காமல் பஸ்ஸில் போவது நல்லதல்ல என்று சொல்கிறேன்.

நாங்கள் நினைப்பதைவிட இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்கள் நல்லவர்கள். சும்மா சொல்லவில்லை. டொரோண்டோ ஸ்டார் பத்திரிகை ஒருமுறை நகரத்தில் 20 பணப்பைகளைத் தொலைந்தவை போல விட்டுப் பார்த்தது. 16 திரும்பி வந்தன. ஆனால் கருத்துக்கணிப்பில் டொரோண்டோ மக்கள் நாலில் ஒன்று திரும்பி வந்தாலே பெரிது என்றுதான் நினைத்திருந்தார்கள். பயம் ஒரு கணக்குச் சொல்கிறது, ஊர் வேறு கணக்குக் காட்டுகிறது.

போன ஜனவரியில் ஒரே கிழமையில் எனக்குப் பகுதிநேர வேலையும் போனது, இருந்த அறையையும் விடச் சொன்னார்கள். பனிக்குள் பஸ்ஸுக்கு நின்று அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற சீனத்து அம்மம்மா ஒருவருக்கு ஆங்கிலம் வரவில்லை. பையைத் திறந்து ஒரு சின்னத் தோடம்பழத்தை எடுத்து, உரித்து, என் கையில் வைத்தார். அவ்வளவுதான். வேலை திரும்பிக் கிடைக்கவில்லை. ஆனால் அன்றிரவு நான் சாப்பிட்டேன். அடுத்த நாள் எழும்பி வேலை தேடப் போனேன்.

அந்தப் பழம் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிகாகோவின் பனிச்சறுக்குத் திடலில் ஆட்கள் தங்களுக்குக் கிடைத்த சூடான சொக்லேட் பானத்தை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் அதைச் சின்ன விஷயம் என்றே கணித்தார்கள். வாங்கியவர்களுக்கோ அது அவர்கள் கணித்ததைவிடப் பெரிதாக இருந்தது. "இதைச் செய்து என்ன வரப்போகுது" என்று நாங்கள் கையை இழுத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் இதே பிழையைத்தான் விடுகிறோம்.

"ஒரு சிரிப்பு வாடகையைக் குறைக்குமா, இனவாதத்தை நிறுத்துமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதற்குப் போராடத்தான் வேண்டும். ஆனால் போராடுகிறவரும் நாளைக்கு எழும்ப வேண்டும். "பெண்பிள்ளைகளுக்கு இது பாதுகாப்பா?" நியாயமான கேள்வி. இரவு பஸ்ஸில் ஒருவன் விடாமல் கதை கொடுத்தால் எழும்பி ட்ரைவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவனுக்குச் சிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவனுக்குப் பயந்து முழு பஸ்ஸுக்கும் முகத்தைத் திருப்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1986 ஆகஸ்டில் 155 தமிழர்கள் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தார்கள். அவர்களைக் கண்டு கரைசேர உதவியவர்கள் கஸ் டால்டனும் மற்ற மீனவர்களும். யார், எந்த நாடு, என்ன மொழி என்று எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அந்த 155 பேருக்கும் கனடா தொடங்கியது தெரியாத ஆக்களிடம்தான்.

ஆகவே நாளைக்கு பஸ்ஸால் இறங்கும்போது ட்ரைவருக்கு நன்றி சொல்லுங்கள். கோப்பி ஊற்றித் தரும் பிள்ளையின் பெயர் சட்டையில் இருக்கும், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். புதிதாக வந்த மாணவர் ஒருவர் பஸ் நம்பரைப் பார்த்து முழிசிக்கொண்டு நின்றால் இயர்போனைக் கழற்றிவிட்டு, "எங்க போகவேணும்?" என்று கேளுங்கள். வீடியோ மட்டும் எடுக்க வேண்டாம்.