மின்சுற்றுக் கணக்கிற்குத் தமிழ் போதாதா?

தென்காசிக் கடைத்தெருவில் மின்பழுது பார்க்கும் தம்பியர் ஓர் உண்மையைப் பட்டறிவால் கண்டு வைத்துள்ளனர். வீட்டு மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றிக்குப் பின் நான்கு இருமுனையங்களைக் (கடைவழக்கில் ‘டயோடு’) கட்டி, அதனோடு 16 வோல்ட்டு எனப் பொறித்த மின்தேக்கியை வைத்தால் அஃது உப்பும், சிலபோது வெடிக்கும். 25 வோல்ட்டு மின்தேக்கி நிலைத்து நிற்கும். ஏன் என வினவினால் விடை வாராது. அவர்தம் அறிவில் குறையில்லை. அவ்விடையை அவர்க்குத் தமிழில் எவரும் சொன்னதில்லை.

சொல்வோம். 12 வோல்ட்டு என்பது மாறுமின்னின் பயனுறு அளவு. அதனை 1.414ஆல் பெருக்கினால் உச்ச அளவு ஏறத்தாழ 17. ஒவ்வோர் அரைச்சுற்றிலும் நான்கனுள் இரண்டு இருமுனையங்கள் வழியாகவே மின்னோட்டம் செல்லும். ஒவ்வொன்றும் 0.7 வோல்ட்டு கொள்ள, எஞ்சுவது 15.6. வீட்டு மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு மிகுந்தால் அது 17ஐயும் கடக்கும். பிறகு 16 வோல்ட்டுத் தேக்கி எங்ஙனம் தாங்கும்?

இருமுனையம் ஓம் நெறிக்கு அடங்காதது. ஒரு போக்கில் திறக்கும், மறு போக்கில் அடைக்கும். ஆகவே அது கடத்துகின்றதா இல்லையா என ஒரு நிலையை முதலிற் கொண்டு, கணக்கிட்டு, முரண் வருகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். 12 வோல்ட்டு மின்கலம், 1000 ஓம் தடை, ஒரு சிலிக்கன் இருமுனையம் ஆகியன முன்னோக்கில் தொடராக உள்ளன எனக் கொள்க. ‘கடத்தவில்லை’ எனின் ஓட்டமில்லை; தடையில் வீழ்ச்சியும் இல்லை; 12 வோல்ட்டும் இருமுனையத்தின் மேலேயே முன்னோக்கி நிற்கும். அந்நிலையில் அது கடத்தாதிருத்தல் இயலாது. முரண்! ‘கடத்துகின்றது’ எனின் 0.7 போக 11.3 வோல்ட்டு தடைக்கு, ஓட்டம் 11.3 மில்லி ஆம்பியர், உரிய போக்கிலேயே. முரணில்லை. நான்கு இருமுனையங்கள் இருப்பின் ஆராயத்தக்க நிலைகள் பதினாறு. மணிமேகலையில் ஏதுவும் போலியும் ஆராயப்படும் இடத்தைப் பயின்றோர்க்கு இவ்வகை எண்ணம் அயலானதன்று.

இதில் எவ்விடத்தில் தமிழ் நொண்டியது? வோல்ட்டும் ஓமும் ஆட்பெயர் வழி வந்த அலகுகள், அவற்றை விடுக. 2019இல் வந்த 12ஆம் வகுப்புத் தமிழ்வழி இயற்பியல் நூலோ ‘குறைக்கடத்தி’ என நன்கு தொடங்கி ‘எலக்ட்ரானியல்’ என முடிக்கின்றது. மின்னணுவியல் என்னும் சொல் எங்கே போயிற்று? உள்ளே ‘டையோடு’, ‘டிரான்சிஸ்டர்’. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழெழுத்து உடுத்திவிட்டால் தமிழ்வழிக் கல்வி ஆகிவிடுமா?

‘டயோடு’ ஒன்றும் ஆங்கிலனின் பாட்டன் சொல்லன்று. 1919இல் எக்கிள்சு என்னும் இயற்பியலறிஞர் இரண்டு, வழி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை ஒட்டிப் படைத்தது. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய 1916க்கும் மூன்றாண்டு இளையது! அவர் ஒட்டினால் அறிவியல். நாம் ஒட்டினால் செயற்கையாம்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. மின்னணுப் பொறியியல் அவ்வரிசையில் இல்லை. ஆரியங்காவுக் கணவாய்க் காற்றை மின்னாக்கும் ஆலைகளிலும், குற்றாலச் சாரற் பருவத்துக் கடைகளின் விளக்குச் சரங்களிலும் குறைக்கடத்திகள் உள்ளன. அவற்றைப் பழுதுபார்க்கும் கைகள் தமிழ்க் கைகள்.

‘இருமுனையம்’ என்பதிலும் எமக்கொரு தடையுண்டு: மின்தடைக்கும் முனை இரண்டே. ஈழத்தில் வழங்கும் ‘இருவாயி’க்கும் அக்குறையே. ஒரு போக்கை அடைப்பதே இதன் இயல்பாதலின் ‘ஒருவழியம்’ எனலாமா? வழக்கில் வந்த சொல்லைக் குலைக்க வேண்டா என்பாரும் உளர். நெல்லை, தென்காசி மாவட்டத்து இயற்பியலாசிரியர்கள் தம் கருத்தை அடுத்த திங்களுக்குள் எழுதுக, வெளியிடுவோம்.