பகல் தூக்கத்துக்கு லயத்தில் எங்கே இடம்?

"நைட் முடிஞ்சா பகல்ல தூங்க வேண்டியதுதானே?" ஸ்பிரிங்வெளிப் பக்கம் பெக்டரி வேலைக்குப் போகிறவர்கள் சலித்துப்போகும் அளவுக்குக் கேட்ட கேள்வி இது. கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிறேன்: எங்க தூங்குறது?

பகலில் பறித்த கொழுந்து ராத்திரி முழுக்க வாட வேண்டும். பதமாக வாடியதை உடனே ரோலரில் போட வேண்டும், இல்லாவிட்டால் தூளின் தரம் போய்விடும். அதனால்தான் பெக்டரிக்கு ராத்திரி வேலை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா சீசன் என்றால் சொல்லவே வேண்டாம். கொழுந்து வாடுற நேரத்தைக் கவனமாகப் பார்க்கிறோம். மனுசன் வாடுறதை யார் பார்க்கிறது?

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்வது வெளிச்சம். வேலை முடிந்து காலை வெயிலில் நடந்து வருபவரின் உடம்பு "விடிஞ்சிருச்சு, எழும்பு" என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் இரவு ஷிப்ட் வேலையையும் வைத்திருக்கிறது. இது சோம்பேறித்தனத்தைப் பற்றிய பேச்சு இல்லை.

இருட்டு அறை, அமைதி, ஒரே நேரத்தில் படுக்கை என்று இணையத்தில் ஆலோசனை கொட்டிக் கிடக்கிறது. தப்பில்லை. வேலை முடிவதற்கு ஐந்தாறு மணித்தியாலம் முன்பே பிளேன்டீயை நிறுத்துங்கள், வீட்டுக்கு வரும்போது குடை பிடியுங்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, மேலே கொதிக்கும் தகரம், பக்கத்துக் காம்பராவில் ரேடியோ, வாசலில் பிள்ளைகள். இதில் இருட்டு அறையை எங்கே தேடுவது?

1984இல் திருத்தப்பட்ட சட்டப்படி, தொழிற்சாலையில் ஒரு பெண்ணை மாதத்தில் பத்து இரவுக்கு மேல் வேலைவாங்க முடியாது. விருப்பமில்லாமல் கட்டாயப்படுத்தவும் முடியாது. கட்டுநாயக்காவுக்கு கார்மென்ட் வேலைக்குப் போன நம் தங்கச்சிமாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே சட்டத்தின் அந்தப் பத்து இரவு வரம்பு அண்ணன்மாருக்கு இல்லை. அவர்களுக்கு மட்டும் இரும்பு உடம்பா?

சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நாள் கூலியைப் பற்றி மட்டும் பேசுகிறோம். இனிமேல் ராத்திரியைப் பற்றியும் பேசுவோம். ஷிப்ட் பட்டியல் முன்கூட்டியே வேண்டும். இரவுகளுக்கு எல்லோருக்கும் வரம்பு வேண்டும். பகலில் கதவைச் சாத்திப் படுக்க தனி அறையுள்ள வீடு வேண்டும். தூக்கம் தனியாள் ஒழுக்கம் இல்லை தோழர்களே, அதுவும் தொழிற்சங்கம் பேச வேண்டிய விசயம்தான்.