அவள் நன்றாக இருக்கிறாளா?

பெண்கள் விரும்பிப் படிக்கிற காதல் கதைகளைப் பற்றி ஏளனமாக நாலு வார்த்தை சொல்லாவிட்டால் தம் இலக்கியத் தகுதிக்கே குறைவு வந்துவிடும் என்று நம் விமர்சகர்களில் பலர் நினைக்கிறார்கள். புதுமைப்பித்தனைப் புகழ எழுந்தவர், மௌனியை விளக்க வந்தவர், ருஷ்ய நாவல்களை அறிமுகம் செய்ய வந்தவர், எல்லாரும் நடுவில் ஒரு நிமிஷம் நின்று 'குடும்ப நாவல்'களின் மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். கூட்டமும் சிரிக்கிறது. சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அம்மாவோ மனைவியோ அதே நேரத்தில் அப்படி ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

எங்கள் திருவண்ணாமலையில் நடந்த ஒரு கூட்டத்திலும் இந்தக் கல் விழுந்தது. பேசியவர் நன்கு படித்தவர், பண்பானவர். மூன்று குற்றங்களைச் சாட்டினார். ஒன்று, இந்தக் கதைகளின் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டு, ஒரு கதையில் வந்த குடும்பத்தையே வைத்துக்கொண்டு அண்ணன் கதை, தம்பி கதை, தங்கை கதை என்று வரிசையாக நீட்டுகிறார்கள். மூன்று, இவை பெண்களைக் கனவில் ஆழ்த்திக் கெடுக்கின்றன. முதல் இரண்டும் குற்றங்களே அல்ல என்பது என் கட்சி. மூன்றாவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது அவர் நினைத்த உண்மை அல்ல.

முடிவு தெரிந்த கதையை எதற்காகப் படிக்க வேண்டும்? இந்தக் கேள்வியைத் திருவண்ணாமலையில் நின்றுகொண்டு கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். இந்த ஊரில் லட்சக்கணக்கான பேர் பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறார்கள். அவர்களிடம் போய், "வந்து சேருகிற இடம்தான் முதலிலேயே தெரியுமே, எதற்கு நடந்தீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை.

அதைவிட நெருக்கமான சாட்சி ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் ஒரு தெருவுக்கே திருவூடல் தெரு என்று பெயர். தை மாதம் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, அந்தத் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மைக்கும் சண்டை மூளுகிறது. சுவாமியை மட்டுமே வணங்குவேன், அம்மனை வணங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த பிருங்கி முனிவருக்குச் சுவாமி அருள் செய்யப் போகிறார், அம்மனுக்குக் கோபம். சுந்தரமூர்த்தி நாயனார் நடுவில் நின்று தூது போய்ப் பார்க்கிறார். பலிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு விடுகிறாள். சுவாமி இரவெல்லாம் வெளியே தங்கி, மறுநாள் தனியாகவே மலையைச் சுற்றிவிட்டு வந்து, கடைசியில் சமாதானம் செய்துகொள்கிறார். அதற்கு மறுவூடல் என்று பெயர்.

முடிவு எல்லாருக்கும் தெரியும். போன வருஷமும் சமாதானமானது, அடுத்த வருஷமும் ஆகும். இருந்தும் தெரு நிறையக் கூட்டம் நிற்கிறது. 'கதவைச் சாத்திவிட்டாளே!' என்று ஒரு பாட்டி உதட்டைப் பிதுக்குகிறாள். நிஜமாகவே கவலைப்படுகிறாள். முடிவு தெரிந்திருப்பதால் கவலை குறையவில்லை. தைரியமாகக் கவலைப்பட முடிகிறது, அவ்வளவுதான். 'கடைசியில் என்ன ஆகும்?' என்பது ஒரு வகை ருசி. 'எப்படி ஆகும்?' என்பது இன்னொரு வகை ருசி. முன்னதை ஒரே தடவைதான் அனுபவிக்கலாம். பின்னதை வருஷந்தோறும் அனுபவிக்கலாம். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, திரௌபதி கூந்தலை முடிப்பாளா மாட்டாளா என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திருவூடல் கல்யாணத்துக்கு முந்திய கதை அல்ல. கல்யாணத்துக்குப் பிந்திய கதை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன்.

தொடராக எழுதுவதும் வரிசையாக எழுதுவதும் மலிவான வேலை என்கிறார்கள். தமிழ் நாவலின் ஜாதகத்தைப் பார்த்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்ததுதான். வை. மு. கோதைநாயகி அம்மாள் குழந்தைப் பருவத்திலேயே மணமானவர். எழுதப் பழகாத நாளில் தம் முதல் படைப்பைத் தோழி ஒருவருக்குச் சொல்லி எழுதுவித்தார். அவரே 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதி, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி, வைத்தியப் படிப்பின் செலவைப் பத்திரிகைக் கதைகளின் சன்மானத்தால் சமாளித்து டாக்டரானவர். வாரப் பத்திரிகைத் தொடர்களால் வீட்டுக்கு வீடு பெயர் பெற்ற அவருக்கே 1984-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் கிடைத்தது. 1969-இல் 'ராணி முத்து' தொடங்கி, மாதம் ஒரு நாவல் மலிவு விலையில் பெட்டிக் கடைக்கும் பஸ் நிலையத்துக்கும் வந்தது. புத்தகக் கடைப் படி ஏறாத பெண்கள் கையிலும் நாவல் சேர்ந்தது. ரமணிசந்திரன் 150-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியதும், அவற்றை வாடகை நூலகங்களில் முறை வைத்துக் காத்திருந்து படித்ததும் இந்தப் பாதையில்தான்.

வரிசைக் கதை என்பதே இழிவு என்றால், அந்த நியாயம் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா? வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் நாவலுக்கு நாவல் வந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே எத்தனையோ புத்தகங்களில் துப்புத் துலக்கினார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் திரும்பத் திரும்ப வந்தார்கள். கானன் டாயில் 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றுவிட்டு, வாசகர்களின் தொந்தரவு தாங்காமல் 1903-இல் உயிரோடு திரும்ப அழைத்து வந்தார். இவற்றையெல்லாம் 'வரிசை' என்று யார் பழித்தார்கள்? ஒரே துப்பறிவாளன் ஐம்பது கொலைகளைக் கண்டுபிடித்தால் அது பாத்திரப் படைப்பு. ஒரே குடும்பத்தில் மூன்று பெண்களுக்குக் கல்யாணம் ஆனால் மட்டும் அது நீட்டி முழக்குவதா? கொலைக்கு உள்ள மரியாதை கல்யாணத்துக்கு இல்லை போலும்!

இந்த ஏளனத்தின் வேர் கதையில் இல்லை. அதைப் படிக்கிறவர்கள் யார் என்பதில் இருக்கிறது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல. அமெரிக்காவில் நத்தானியல் ஹாதார்ன் 1855-இல் தம் பிரசுரகர்த்தருக்கு எழுதிய கடிதத்தில், கிறுக்கித் தள்ளுகிற பெண்கள் கூட்டம் சந்தையைப் பிடித்துக்கொண்டதாகப் பொருமினார். அவருடைய வருத்தத்தில் இலக்கியம் பாதி, விற்பனைக் கணக்கு பாதி. அதற்கு வெகு காலம் முன்பே ஜேன் ஆஸ்டின், தம் நாவல் ஒன்றின் நடுவில் கதையை நிறுத்திவிட்டு, நாவல்களை மட்டமாகப் பேசுகிறவர்களோடு நேருக்கு நேர் வழக்காட வேண்டியிருந்தது. அவர் எழுதியவையும் காதல் கதைகள்தாம், கல்யாணத்தில் முடிகிற கதைகள்தாம்.

சரி, பெண்கள் ஏன் இந்த வரிசைக் கதைகளை இவ்வளவு பிரியமாகப் படிக்கிறார்கள்? பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை.

வரிசைக் கதையின் அமைப்பைப் பாருங்கள். முதல் புத்தகத்தில் மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகிறது. இரண்டாவதில் அவன் தம்பி கதாநாயகன். மூன்றாவதில் கதாநாயகியின் சிநேகிதி. ஆனால் வாசகி இரண்டாவது புத்தகத்தை வாங்குவது தம்பிக்காக மட்டும் அல்ல. எங்கோ ஓர் அத்தியாயத்தில் மூத்தவனின் மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்து காபி கொடுப்பாள். அவன் ஏதோ சொல்லுவான், அவள் சிரிப்பாள். கதைக்கு அந்த இடம் அவசியமே இல்லை. ஆனால் வாசகி அந்தப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்கிறாள். 'அவள் நன்றாக இருக்கிறாள்' என்று தெரிந்துகொண்டு மேலே போகிறாள்.

இது சாதாரண விஷயம் அல்ல. நம் வாழ்க்கையில் ஒரு பெண்ணின் கதை கல்யாணத்தோடு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. கூடப் படித்தவள், அடுத்த வீட்டில் வளர்ந்தவள், சித்தப்பா மகள், வேலூருக்கோ பெங்களூருக்கோ வாக்கப்பட்டுப் போகிறாள். அப்புறம் அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பிறர் வாய்ச் சொல்தான். தேரடி வீதியில் இரண்டு பெண்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்பது என்ன? "உங்க பொண்ணு நல்லா இருக்காளா?" பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "நல்லா இருக்கா." கேட்டவளுக்கும் அந்தப் பதில் போதாது, சொன்னவளுக்கும் போதாது. அதற்குமேல் கேட்பது நாகரிகம் அல்ல என்பதால் இருவரும் பூ விலையைப் பேசிவிட்டுப் பிரிகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு நம் உயர்ந்த இலக்கியம் என்ன பதில் வைத்திருக்கிறது? பெரும்பாலும் கல்யாணத்தோடு கதையை முடிக்கும். இல்லாவிட்டால் கிணற்றோடு முடிக்கும். நடுவில் உள்ள நாற்பது வருஷத்தைத் தொட்டவர்கள் சிலரே. எளிய வரிசைக் கதை அந்த நாற்பது வருஷத்தின் கதவைத் திறந்து, ஒரு கண நேரமாவது உள்ளே பார்க்க விடுகிறது. அடுக்களைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே கிடைக்கிற இருபது நிமிஷத்தில் ஒரு பெண் போய்ப் பார்த்துவிட்டு வருவது அதைத்தான். அவள் தேடுவது கனவு என்கிறார்கள். நான் அதைத் தகவல் என்கிறேன்.

இங்கேதான் மூன்றாவது குற்றம் வருகிறது. இப்போது என் வழக்கு விமர்சகர்களோடு அல்ல. இந்தக் கதைகளை எழுதுகிற என் சகோதர சகோதரிகளோடு.

'அவள் நன்றாக இருக்கிறாளா?' என்ற கேள்வியை நம்பி ஒருத்தி உங்களிடம் வருகிறாள். நீங்கள் உண்மையைச் சொல்லுகிறீர்களா? உங்கள் கதாநாயகன் முதல் பாதியில் என்னென்ன செய்கிறான்? அவளைப் பணத்தாசை பிடித்தவள் என்கிறான். மிரட்டித் தாலி கட்டுகிறான். கையை முறுக்குகிறான். கன்னத்தில் அறைகிறான். கடைசி அத்தியாயத்தில், இத்தனையும் காதலால் செய்தது என்று ஒரு வாக்கியம் சொல்லுகிறான். அவள் அழுதுகொண்டே அவன் மார்பில் சாய்கிறாள். அடுத்த புத்தகத்தில் காபி கொடுக்க வருகிறாள், சிரித்த முகமாக! அந்தச் சிரிப்பை எப்படி ஐயா நம்புவது?

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. எத்தனையோ தலைமுறைப் பெண்களின் வாயை அடைத்த பழமொழி அது. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். 2005-இல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது. சட்டம் வந்த பிறகும் அந்தப் பழமொழிக்கு மெருகு பூசி, ரோஜாப் பூ அட்டை போட்டு விற்கிறோமே, இது நியாயமா? நான் மூன்றாவது குற்றத்தில் உண்மை உண்டு என்றது இதைத்தான். கனவு காட்டுவது குற்றம் அல்ல. 'நல்லா இருக்கா' என்று பொய் சொல்லுவதுதான் குற்றம்.

உண்மை சொன்னால் கதை விற்காது என்ற பேச்சும் எடுபடாது. குடியில் அழிகிற ஒரு கணவனைப் பற்றிச் சிவசங்கரி எழுதிய 'ஒரு மனிதனின் கதை' ஜனங்கள் ஆவலோடு படித்த தொடர்தானே? அமெரிக்காவில் லூயிசா மே ஆல்காட் 1868-இல் நாலு சகோதரிகளின் கதையை வெளியிட்டபோது, அவர்கள் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று கேட்டு வாசகிகள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். மறு ஆண்டே அவர் இரண்டாம் பகுதியைத் தந்தார். பிறகும் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். ஆனால் எல்லாரும் ஆசைப்பட்டபடி ஜோவை லாரிக்குக் கட்டிக் கொடுக்க மறுத்துவிட்டார். வரிசையும் வளர்ந்தது, புத்தகமும் விற்றது, பாத்திரத்தின் மரியாதையும் பிழைத்தது.

இலேசான கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிரிப்பும் ஊடலும் சமாதானமும் இருக்கட்டும். திருவூடலில் இல்லாத இலேசா? ஆனால் அங்கே கதவைச் சாத்துகிறவள் அம்மன். இரவெல்லாம் வெளியே நிற்கிறவர் சுவாமி. மலையைச் சுற்றி வந்து, கதவு திறக்கிற வரையில் காத்திருக்க வேண்டியவரும் அவர்தான். அவர் அறைந்தார், அவள் பொறுத்தாள் என்று ஊர் கதை கட்டவில்லை. அவ்வளவு மரியாதையை நம் கதாநாயகிக்கும் கொடுத்தால் என்ன?

விமர்சகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதைகளைத் திட்ட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. படித்துவிட்டுத் திட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதில் பொய் எது, நிஜம் எது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாததால்தான் நல்ல கதையும் கெட்ட கதையும் ஒரே அட்டையோடு ஒரே கயிற்றில் தொங்குகின்றன. எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. கதவைச் சாத்த உங்கள் கதாநாயகிக்கு உரிமை கொடுங்கள். அடுத்த புத்தகத்தில் அவள் சிரித்துக்கொண்டு வந்தால், அப்போது நாங்கள் நம்புகிறோம்.