மூச்சு வாங்குவதற்கு வயதைக் காரணம் சொல்லாதீர்கள்



ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும், மூச்சு நோயோடு வாழ்பவர்களின் குடும்பத்தினரும் சேர்ந்து இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

“நாலு படி ஏறினால் மூச்சு வாங்குது, வயசாகிடுச்சு.” “பீடி குடிக்கிறவருக்கு இருமல் இருக்கத்தானே செய்யும்.” இப்படிச் சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதற்குள் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் மூச்சுக்குழாய்களைச் சுருக்கி, நுண்ணிய காற்றறைகளைச் சிதைத்துவிடுகிறது. மருத்துவமனைகளில் சி.ஓ.பி.டி. என்பது இதைத்தான். சிதைந்த பகுதியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் வந்து சேரும் நாளில்தான் பலர் இந்த நோயின் பெயரையே கேள்விப்படுகிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இது அரிதான நோய் அல்ல. இந்தியாவில் 1990-இல் சுமார் 2.8 கோடிப் பேருக்கு இருந்த இந்நோய், 2016-இல் 5.5 கோடிப் பேருக்கு இருந்ததாக 2018-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. புகைப்பவர்களுக்கு மட்டுமே வரும் என்று நினைப்பதும் தவறு. விறகும் வறட்டியும் எரித்துப் பல ஆண்டுகள் சமைத்த பெண்கள், கல்குவாரியிலும் பஞ்சாலையிலும் தூசியைச் சுவாசித்து உழைத்தவர்கள், காசநோய் வந்து குணமானவர்கள் ஆகியோருக்கும் வருகிறது. ஒரு பீடியைக்கூடத் தொடாத அம்மாவுக்கு இந்த நோய் இருக்கலாம் என்ற எண்ணமே வராததால், அவருடைய இளைப்பை யாரும் கவனிப்பதில்லை.

எல்லோரும் இந்நோய்க்கான பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இலும் உறுதிசெய்தது. தொந்தரவு இருந்தும் வெளியே சொல்லாமல் இருப்பவர்களைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டும். எனவே வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

• உங்கள் வயதுக்காரர்களோடு நடக்கும்போது பின்தங்கி, நின்று மூச்சு வாங்குகிறீர்களா?
• பெரும்பாலான நாட்களில் இருமலோ சளியோ இருக்கிறதா?
• மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம் கேட்கிறதா?
• ஒவ்வொரு பனிக்காலத்திலும் நெஞ்சுச் சளி கட்டிக்கொள்கிறதா?

ஒன்றுக்கேனும் ‘ஆமாம்’ என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். புகைப்பழக்கம், அடுப்புப் புகை, வேலையிடத் தூசி, பழைய காசநோய் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம்.

நோயை உறுதிசெய்வது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனை. ஊசியோ ரத்தம் எடுப்பதோ இல்லை. மூச்சை முழுக்க இழுத்து, ஒரு குழாயில் வேகமாக, நுரையீரல் காலியாகும்வரை ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துச் சற்று நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் மொத்தக் காற்றில் 70 சதவீதம்கூட முதல் நொடியில் வெளியேறவில்லை என்றால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். தொடக்க நிலையில் எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கலாம். அதனால் “எக்ஸ்ரே நார்மல்” என்பதோடு நின்றுவிடாதீர்கள்.

சீக்கிரம் தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. புகையை விட்டால் நுரையீரல் கெடும் வேகம் குறையும். விட முடியாமல் தவிப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் உதவி கேட்கலாம். இன்ஹேலர், மருந்தை நேராக நுரையீரலுக்கே கொண்டுசேர்க்கிறது. “ஒருமுறை பழகினால் விட முடியாது” என்ற பயத்தில் அதை ஒதுக்காதீர்கள். தடுப்பூசியும் மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் துணைநிற்கும். கனடாவில், தங்களுக்கு சி.ஓ.பி.டி. அல்லது ஆஸ்துமா இருப்பதே தெரியாமல் இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, நுரையீரல் நிபுணர்கள் சிகிச்சை தந்தபோது, மூச்சுத் தொந்தரவுக்காக அவர்கள் மருத்துவ உதவியை நாடுவது குறைந்தது என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. அந்தப் பணியாளர் வரும்போது மூச்சைப் பற்றியும் நீங்களே பேச்செடுங்கள்.

இன்னொன்றும் நம்மால் முடியும். பி.பி. கருவியைப் போல ஊதிப் பார்க்கும் கருவியும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். அதைச் சரியாக இயக்கப் பயிற்சி பெற்ற செவிலியரும் இருக்க வேண்டும். ஏழை நோயாளி ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்துதான் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். நவம்பர் 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அதே மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை உலக சி.ஓ.பி.டி. தினம், அதற்குள் உங்கள் ஊர்த் தீர்மானம் மாவட்ட ஆட்சியரின் கைக்குப் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
மூச்சு நோயாளிகளின் குடும்பத்தினர், மருத்துவர்கள், செவிலியர்கள்