கூலியில் சேராத மணிநேரங்கள்

புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலின் வடக்கு எல்லை பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு: தரங்கம்பாடி, பொறையாறு. எல்லையில் செக்போஸ்ட் உண்டு. காரைக்காலிலிருந்து வெளியே போகும் வண்டிகளில் மது பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. பொறையாற்றிலிருந்து காரைக்காலுக்குக் கட்டட வேலைக்கு வரும் கொத்தனாரோ சித்தாளோ யாரிடமும் எந்தச் சீட்டையும் நீட்ட வேண்டியதில்லை. எட்டு மணி வேலைக்கு ஏழு மணிக்குப் பஸ் ஏறினால் போதும்.

இந்த எல்லை எப்போதும் இப்படி இருந்ததில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இது நாட்டெல்லை. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு செய்துகொண்ட சுங்க உடன்படிக்கை 1949இல் முடிவுக்கு வந்ததும் சுங்கக் காவல் இறுகியது. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிய பிறகே அது கலைந்தது. பின்னர் 2020இல் கொரோனா வந்தது. இ-பாஸ் இல்லாமல் அந்த ஆகஸ்ட் முடியும்வரை மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியவில்லை. ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் ஆற்றுக்கு இந்தக் கரையிலும் மீதிப் பேர் அந்தக் கரையிலும் வாழும் ஊரில் அது என்ன பாடு என்பதைப் பூவம்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சில மாதங்களைப் பல ஆண்டுகளாக நீட்டி, செக்போஸ்டில் புரியாத மொழி பேசும் சிப்பாயைத் துப்பாக்கியோடு நிறுத்திப் பார்க்கலாம். அப்படி ஒரு வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் தொலைவில் இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம்.

தொண்ணூறுகளில் அந்நாட்டின் வவுனியாவில் ஒரு தமிழர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அடையாள அட்டை மட்டும் போதாது, ‘பாஸ்’ வேண்டும். வன்னியிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களை முகாம்களில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் பாஸ், ஒரு மாத பாஸ் என்று பாஸில் பல வகை. தெற்கே போக வேண்டுமென்றால் பிணை நிற்க ஆள் தேட வேண்டும். விடியுமுன் வரிசையில் நின்று பாஸ் வாங்கி, வழியில் ஒவ்வொரு இராணுவச் சாவடியிலும் இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி வேலைத்தலத்துக்குப் போய்ச் சேரும்போது பாதி நாள் போயிருக்கும். தாமதமாக வந்தவருக்கு முழுக் கூலி கொடுக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? பாஸ் காலாவதியான மறுநாள் அதே மனிதர் சொந்த நாட்டிலேயே சட்டவிரோதமாக நடமாடுபவர் ஆகிவிடுவார். சில சாவடிகளில் ஆளைக் காட்டிக்கொடுக்க முகமூடி போட்ட தலையாட்டியை உட்கார வைத்திருப்பார்கள். அவன் தலை அசைந்தால் பாஸ் எதுவானாலும் பயனில்லை.

2002 போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலை திறந்தது. ஓமந்தையில் இராணுவம், அதைத் தாண்டிப் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகள், நடுவே செஞ்சிலுவைச் சங்கம். பயணிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு தரப்பின் சோதனையை முடித்துக்கொண்டு இன்னொரு தரப்பின் சோதனைக்குப் போனார்கள். புலிகளும் வரி வாங்கினார்கள். தங்கள் பகுதியை விட்டு வெளியேற அவர்களும் பாஸ் கேட்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அந்தச் சாலையில் நடந்தவர்களுக்கு நியாயம் செய்ததாகாது. 2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை மூண்டு பாதை மூடியபோது யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற மிஞ்சியவை கப்பலும் விமானமும்தான். அதற்கும் இராணுவத்தின் அனுமதி வேண்டும்.

பாதுகாப்பு என்பதுதான் எல்லாவற்றுக்கும் சொல்லப்பட்ட காரணம். அந்த அச்சம் பொய்யில்லை. 1996இல் கொழும்பு மத்திய வங்கியில் வெடித்த குண்டு தொண்ணூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஆனால் முகாமில் பதிவு செய்து, விசாரித்து, கையொப்பம் போட்டு அரசே பாஸ் கொடுத்த மனிதரை மறுபடியும் தினமும் மணிக்கணக்கில் நிறுத்திவைப்பது எந்தக் குண்டைத் தடுக்கும்? 2002இல் இலங்கை உச்ச நீதிமன்றமும் இதற்கு ஒரு விடை சொன்னது. வவுனியா சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், இந்தப் பாஸ் முறை நடமாடும் சுதந்திரத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது.

பாலஸ்தீனத் தொழிலாளிக்கு அப்படி ஒரு தீர்ப்பு இன்னும் கிடைக்கவில்லை. பெத்லகேம் அருகே ‘செக்பாயின்ட் 300’ என்ற சாவடி. 2023 அக்டோபருக்கு முன்பு வரை மேற்குக் கரை ஆண்கள் இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போக அங்கே இரவு இரண்டு, மூன்று மணிக்கே வந்து நின்றார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி போட்ட குறுகலான பாதை. முடிவில் சிப்பாய் விசையை அழுத்தினால் மட்டும் சுழலும் கதவு. முந்துவதற்காகக் கம்பிமேல் ஏறிப் படுத்தவர்கள் உண்டு. நெரிசலில் மூச்சுத் திணறி விழுந்தவர்கள் உண்டு. ‘மக்சோம் வாட்ச்’ என்ற இஸ்ரேலியப் பெண்கள் அமைப்பு 2001 முதல் சாவடிகளுக்குப் போய்ப் பார்த்து இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட பர்மிட்டும் காந்த அட்டையும் இருந்தால்தான் அந்த வரிசையில்கூட நிற்க முடியும். பர்மிட் வெகுகாலம் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருந்ததால் தரகர்கள் முளைத்தார்கள். மாதம் 2,000 ஷெக்கலுக்கு மேல் தரகாகப் போனது. எட்டு மணி நேரக் கூலிக்காக வீட்டைவிட்டுப் பதினாறு மணி நேரம் விலகியிருந்த மனிதர், அந்தக் கூலியிலும் ஒரு பங்கைத் தரகரிடம் விட்டுவிட்டுத்தான் திரும்பினார். பிள்ளைகள் கண் விழிக்கும் முன்பே கிளம்பியிருப்பார்.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது நடந்த தாக்குதலுக்குப் பின் இந்தக் கொடுமையான வரிசைகூட இல்லாமல் போனது. மேற்குக் கரையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், காசாவில் சுமார் 18,000 பேர்: பெரும்பாலானோரின் பர்மிட் ஒரே அடியில் செல்லாததாயிற்று. பிறகும் வேலைக்காகத் தடுப்புச் சுவரில் கயிறு கட்டி ஏறி, விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் காலி இடங்களில் நம் ஆட்கள். 2023 மே மாதமே 42,000 இந்தியத் தொழிலாளர்களை அனுப்ப இஸ்ரேலோடு உடன்பாடு கையெழுத்தானது. 2024 ஜனவரியில் ஹரியானாவின் ரோத்தக்கில் கொத்தனார், கம்பி கட்டுபவர், டைல்ஸ் ஒட்டுபவர் என்று வரிசை வரிசையாகத் தேர்வுக்கு நின்றார்கள். மாதம் ரூ.1.37 லட்சம் சம்பளம் என்றது விளம்பரம். போனவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஊரில் வேலை இருந்தால் போர் நடக்கும் நாட்டுக்கு ஏன் போகிறார்கள்? குற்றம் அனுப்புகிறவர்களுடையது. மத்தியத் தொழிற்சங்கங்கள் 2023 நவம்பரிலேயே கூடாது என்று அறிக்கை விட்டன. அரசு கேட்கவில்லை.

2025 மார்ச்சில் மேற்குக் கரையின் அல்-ஸயீம் என்ற ஊரிலிருந்து பத்து இந்தியக் கட்டடத் தொழிலாளர்களை மீட்டதாக இஸ்ரேல் அதிகாரிகள் அறிவித்தார்கள். வேலை தருவதாகக் கூட்டிப்போய் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அதைக் காட்டிப் பாலஸ்தீனர்கள் சோதனைச் சாவடியைக் கடக்க முயன்றார்கள் என்பது அவர்கள் சொன்ன விவரம். அந்தப் பத்துப் பேரின் துன்பம் பெரிது. அதைச் செய்தது குற்றம். அதோடு இன்னொன்றும் தெரிகிறது. தலைமுறைகளாக அந்த மண்ணில் வேலை செய்தவர் உள்ளே போக இந்தியப் பாஸ்போர்ட் தேவைப்படும் நிலையை உண்டாக்கியதில் நம் அரசுக்கும் பங்கு இருக்கிறது.

இலங்கைத் தமிழர்களுக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்த மரபு தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உண்டு என்று நம்புகிறவர்கள், தங்கள் உறுப்பினர்களிடம் இதையும் கேட்கலாம்: இந்த ஆள் அனுப்பும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் முழுமையாக வெளியிடப்படுமா? பர்மிட் பறிக்கப்பட்ட பாலஸ்தீனர்களின் வேலைகளை இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு நிரப்ப மாட்டோம் என்று தில்லி இஸ்ரேலிடம் எழுத்தில் சொல்லுமா?