நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்தான் போறம்

"தீவுப் பக்கம் ரெண்டு நாள் போயிட்டு வரப்போறம்" என்று வீட்டில் சொன்னோம். "எத்தினை பேர்?" என்று மாமி கேட்டா. "நாங்கள் ரெண்டு பேரும்தான்." கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகு மாமி குரலைக் குறைச்சுக் கேட்டா: "ஏன் பிள்ளை, உங்களுக்குள்ள ஏதும் பிரச்சினையே?"

அந்தக் கேள்வியை ஒரு மாதமாக யோசிச்சுக்கொண்டிருக்கிறன். கலியாணம் கட்டின ரெண்டு பேர் ரெண்டு நாள் தனிய இருக்க விரும்பினால் ஒன்றில் அவை புதுசாகக் கட்டினவையாக இருக்க வேண்டும், அல்லது பிரியப் போறவையாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற இருபது முப்பது வருசத்துக்கு எங்கட ஊரில் ஒரு கணக்கும் இல்லை. அந்தக் காலம் முழுக்க நீங்கள் ஒரு சோடி என்பதைவிட ஒரு வீட்டின் ரெண்டு வேலையாட்கள்.

அன்றைக்குப் பின்னேரத்துக்குள்ளேயே எங்கட பயணம் கை மாறிவிட்டது. மச்சாளும் ரெண்டு பிள்ளைகளும் வருகினமாம். சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச ஹையேஸ் வான் ஒன்று மலிவாக வருமாம். "அவ்வளவு தூரம் போறனீங்கள், நயினாதீவு அம்மனைக் கும்பிடாமல் வரலாமோ?" என்று ஒருத்தர். வான் என்றால் சாப்பாடு கட்ட வேண்டும். சாப்பாடு கட்டுவதென்றால் விடிய மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். எழும்புறது ஆர் என்று நான் சொல்லத் தேவையில்லை. புட்டு அவிச்சு, சம்பல் அரைச்சு, பிள்ளைகளுக்குப் பிஸ்கற், மாமாவுக்குக் குளிசை, எல்லாருக்கும் தண்ணி என்று பார்த்தால், வீட்டின் குசினியை அப்படியே தூக்கி வானுக்குள் வைக்கிறதுக்குப் பேர்தான் எங்கட ஊரில் சுற்றுலா. பொம்பிளைகளுக்கு இடம் மாறும், வேலை மாறாது.

நான் மாட்டன் என்று சொன்னேன். மனுசனும், அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும், "இல்லையம்மா, நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்தான் போறம்" என்றார். அந்த ஒரு வசனத்துக்கு மூன்று நாள் வீட்டில் முகம் தூக்கினார்கள்.

எங்களிடம் பயணத்துக்கு மூன்று அச்சுகள்தான் இருக்கின்றன. கோயிலுக்குப் போறது, வானில் பாட்டுப் போட்டுக்கொண்டு கூட்டமாகப் போறது, வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தத்தைக் கூட்டிக்கொண்டு இடம் காட்டுறது. ரெண்டு பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் போய், கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு வாறதுக்கு அச்சு இல்லை. "சும்மா இருக்க ஏன் அவ்வளவு தூரம்? வீட்டிலேயே சும்மா இருக்கலாமே" என்பார்கள். வீட்டில் சும்மா இருக்க ஆர் விடுறது?

எங்களுக்குக் கதைக்க ஒரு விசயமும் இருந்தது. போறதா, இருக்கிறதா என்ற விசயம். இந்த வயதில் யாழ்ப்பாணத்தில் இருக்கிற அரைவாசிப் பேருக்கு இருக்கிற அதே விசயந்தான். ஆனால் எங்கட வீட்டில் அதைப் பற்றி எல்லாரும் கதைத்துவிட்டார்கள், எங்கள் ரெண்டு பேரையும் தவிர. கனடாவில் இருக்கிற பெரியம்மா கதைத்துவிட்டா, காணிக்கு விலை பேசுற ஆள் கதைத்துவிட்டார். நாங்கள் இரவில் அறைக்குள் கதைக்கத் தொடங்கினால், பலகைத் தட்டிக்கு அங்கால் இருமல் சத்தம் கேட்கும்.

திட்டம் போடும்போது முதலில் இடித்தது படுக்கிற இடம். ஒரு விடுதிக்குப் போன் எடுத்தோம். ஊர் எது என்று கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்றதும், "உங்களுக்கு வீடு இங்கதானே, பிறகேன் ரூம்?" இன்னொரு இடத்தில் கலியாணச் சான்றிதழின் பிரதி கேட்டார்கள். மனுசன் வட்ஸ்அப்பில் அனுப்பப் போனார். நான் விடவில்லை. அதே விடுதியின் பேஸ்புக் பக்கத்தில் வெள்ளைக்காரச் சோடிகளின் படம் வரிசையாக இருக்கு. அவர்களிடம் சான்றிதழ் கேட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எங்கட கடற்கரையில் எங்களுக்கு மட்டும் சாட்சிப் பத்திரம்.

"கலாசாரம், பாதுகாப்பு" என்று இதற்குப் பதில் வரும். பாதுகாப்பைப் பற்றிக் கதைப்போம். 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடத்துக்குப் போன மாணவி ஒருத்தி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். காலமை நேரம், சீருடையோடு, தன்ர ஊர் றோட்டில். சோடிகளை மேலும் கீழும் பார்க்கிற, சான்றிதழ் கேட்கிற, "ஆற்ற பிள்ளை?" என்று விசாரிக்கிற இந்தச் சமூகத்தின் கண்கள் அன்றைக்கு எங்க போயிருந்தன? நாங்கள் காவல் காக்கிறது பெண்களை என்றால் அது அப்பவே தோற்றுப்போச்சு. காக்கிறது பெண்களின் நடமாட்டத்தை என்றால், அது இன்றைக்கும் வெற்றிகரமாக நடக்குது.

கடைசியில் வேலணையில் தெரிஞ்ச ஒரு அக்காவின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அவ ஒன்றும் கேட்கவில்லை. "மீன் சாப்பிடுவியளோ?" என்று மட்டும் கேட்டா.

இன்னொரு எதிர்ப்பு எங்கட வயதுக்காரரிடமிருந்தே வந்தது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. "செத்த வீடு மாதிரிக் கிடக்கிற தீவுகளில் உங்களுக்கு என்ன உல்லாசம்?" என்று ஒரு சிநேகிதன் கேட்டான். சரியான கேள்வி. தீவகத்தின் அமைதி இயற்கை தந்ததில்லை. 1985 மே 15 குமுதினிப் படகில் பயணம் செய்தவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஆகஸ்டில் படையினர் மண்டைதீவையும் வேலணைத் தீவையும் பிடித்தபோது சனம் கையில் கிடைத்ததோடு ஓடியது, கொண்டு போகப்பட்ட பலர் திரும்பி வரவேயில்லை. ஓடினவர்களின் பிள்ளைகள் இன்றைக்குப் பாரிஸிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். புங்குடுதீவில் ஒரு மணித்தியாலம் மெதுவாக ஓடிப் பாருங்கள். கோபுரங்களுக்குப் புதுப் பெயின்ற், பக்கத்தில் கூரையில்லாத நாற்சார் வீடு, அதன் சுவரைப் பிளந்துகொண்டு ஆல். அமைதியாக இருக்குது என்று நாங்கள் சொல்வது, அங்கே இருக்க வேண்டிய ஆட்கள் இல்லாததைத்தான்.

அதற்காகப் போகக்கூடாது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டன். அப்படிப் பார்த்தால் வடக்கில் எந்த றோட்டில் நாங்கள் கைகோத்து நடக்கலாம்? எல்லா றோட்டிலும் ஏதோ ஒன்று நடந்திருக்கு. போகாமல் விட்டால் அந்த இடத்தை நிரப்புறவர்கள் நினைவாக நிரப்பப் போறதில்லை. ட்ரோன்தான் நிரப்புது. "ஒரே நாளில் பத்து இடம்" என்று யூரியூப்பில் ஒருவர் கத்துறார்: நெடுந்தீவுக் குதிரை, பெருக்கமரம், கோட்டை, முடிஞ்சுது, அடுத்த படகு. குமுதினி நினைவிடத்தை அந்த வீடியோவில் தேடிப் பார்த்தேன், இல்லை. சத்தமாகப் போறவனுக்கு இடம் தேவையில்லை, பின்னணி போதும். ரெண்டு பேர் மெதுவாகப் போனால், ஒரு மதவடியில் நிற்கிற ஐயா தானாகவே வந்து கதைப்பார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. தன்ர வீடு எதுவென்று காட்டினார். காட்டின இடத்தில் கிணறு மட்டும் இருந்தது.

இனித் திட்டத்துக்கு வாறன். எல்லாம் சேர்த்து நூறு கிலோமீற்றருக்கு உள்ளதான். ஒரே நாளில் ஓடி முடிக்கலாம், அதனால்தான் ரெண்டு நாள் எடுக்க வேண்டும்.

தை கடைசிக்கும் பங்குனி நடுவுக்கும் இடையில் போங்கோ. அதற்கு முன்னம் மாரி, பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும், வைகாசி தொடங்கச் சோளகம் எழும்பினால் தாம்போதியில் மோட்டார் சைக்கிளை நேராகப் பிடிக்கிறதே வேலை. ஆனி, ஆடிக்குள் நயினாதீவுக் கொடியேற்றம் வந்தால் குறிகாட்டுவான் றோட்டு முழுக்க பஸ். அமைதி தேடுற ஆட்களுக்கு அது நாளில்லை. மாசியில் பண்ணைக் கடலிலும் மண்டைதீவுப் பக்கமும் பறவைகள் நிற்கும், அதிட்டமிருந்தால் பூநாரையும். மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 இல் வேலை தொடங்கியாச்சு. அது முடிஞ்ச பிறகு பறவை எங்க நிற்கும் என்று எனக்கு ஒரு கவலை, அது வேறு கட்டுரை.

பெற்றோலை யாழ்ப்பாணத்திலேயே நிரப்புங்கோ. குடிதண்ணி ஒரு அஞ்சு லீற்றர் கட்டுங்கோ. தீவில் கிணறு இருக்கு, கனக்க இடத்தில் உவர். ஆனால் சாப்பாடு கட்டாதேங்கோ. இதை நான் அடிச்சுச் சொல்லுறன். சந்திக் கடையில் பிளேன்டீயும் வடையும் வாங்குங்கோ, மத்தியானம் அங்கேயே சாப்பிடுங்கோ. வானில் வாறவை தீவில் விட்டுப் போறது வெறும் ஷொப்பிங் பைகளைத்தான். ஒரு கடைக்காரருக்கு இருநூறு ரூபாய் குடுத்தால் அவர் நாளைக்கும் கடை திறப்பார்.

முதல் நாள் பண்ணையால் போய், அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு வாணர் தாம்போதியால் புங்குடுதீவு. தாம்போதியில் ரெண்டு பக்கமும் பரவைக் கடல், சாமத்தியமாக நிற்கிற ஒரு கொக்கு, களங்கண்ணி வலைகளின் தடிகள். நடுவில் நிப்பாட்டுங்கோ. எஞ்சினை நிப்பாட்டினால்தான் அந்த இடம் தொடங்கும். நெடுந்தீவை இந்தப் பயணத்தில் சேர்க்காதேங்கோ. அதுக்குத் தனியாக ரெண்டு நாள் வேணும், படகு நேரத்துக்குப் பயந்து ஓடுற இடமில்லை அது.

ரெண்டாம் நாள் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து பாதையில் மோட்டார் சைக்கிளை ஏத்திக்கொண்டு காரைநகர், பொன்னாலைப் பாலத்தால் வீடு. பாதையில் நிற்கும்போது கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடிச்சு, 1971 கிளர்ச்சிக்குப் பிறகு கைதிகளை அடைச்சு வைத்த இடம். இப்ப கடற்படை நடத்துற விடுதி. சிறைக்கூடத்தில் காசு குடுத்துப் படுக்கலாம். மனுசன் "ஒரு நாள் போவமோ?" என்றார், நான் பார்த்த பார்வையில் வாயை மூடிவிட்டார்.

கசூரினாவுக்கு ஞாயிறு பின்னேரம் போகாதேங்கோ. ஸ்பீக்கர் சத்தத்தில் அலைச் சத்தமே கேட்காது. விடிய ஏழு மணிக்குப் போனால் அதே கடற்கரை உங்கட.

பொம்பிளைகளுக்கு ஒரு விசயம். திட்டத்தில் இடங்களை விட முதலில் குறிக்க வேண்டியது கழிவறைகளைத்தான். ஆம்பிளைகள் போடுற பயணத் திட்டத்தில் இது வராது, அவர்களுக்கு உலகமெல்லாம் வேலியோரம். நாங்கள் தண்ணி குடிக்காமல் வெயிலில் ஓடி, வீட்டுக்கு வந்து எரிவோட கிடக்கிறம். குறிகாட்டுவான் வரைக்கும் போற அந்த றோட்டில் ஒரு பெண் தைரியமாகத் தண்ணி குடிக்கக்கூடிய மாதிரி ரெண்டு இடம் கட்டிப் பராமரிக்க ஏலாதவர்கள் சுற்றுலா அபிவிருத்தி பற்றிக் கூட்டம் வைக்கிறார்கள். வேலணை அக்கா மாதிரி ஆட்களின் வீட்டுக் கதவுகள்தான் இப்போதைக்கு எங்கட உட்கட்டமைப்பு.

தாம்போதியில் நிப்பாட்டி நாங்கள் ரெண்டு மணித்தியாலம் இருந்தோம். முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றுமே கதைக்கேல்லை. பழக்கமில்லை. பிறகு கதைத்தோம். முடிவெடுத்தியளோ என்று கேட்காதேங்கோ, எடுக்கேல்லை. ஆனால் அவர் போகப் பயப்படுறார் என்பதும், நான் இருக்கப் பயப்படுறன் என்பதும் நாலு வருசத்தில் முதல் தடவை எங்கள் ரெண்டு பேருக்கும் தெரிய வந்தது. வீட்டில் இருந்திருந்தால் ஏஜென்சிக்குக் காசு கட்டின பிறகுதான் தெரிஞ்சிருக்கும்.

திரும்பி வந்த இரவு மாமி குசினியில் மீன் வெட்டிக்கொண்டு கேட்டா, "நயினாதீவுக்குப் போகேல்லைத்தானே?" "இல்லை மாமி." "அப்ப ரெண்டு நாளும் என்னதான் செய்தனீங்கள்?" "கடலைப் பார்த்தம், கதைச்சம்." அவ கொஞ்ச நேரம் மீனையே பார்த்துக்கொண்டு இருந்தா. கலியாணம் முடிச்சு முப்பத்தெட்டு வருசம், மாமாவும் தானும் தனிய எங்கேயும் போனதில்லை, ஒருக்கால் கண் ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர, என்று சொன்னா. முறைப்பாடாகச் சொல்லவில்லை. கணக்குச் சொன்ன மாதிரிச் சொன்னா.

பாதை அடிக்கடி பழுதாகி நிற்கும். வெளிக்கிட முன்னம் ஊர்காவற்றுறையில் ஆரையும் விசாரிச்சுவிட்டுப் போங்கோ. மாமாவின்ர பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பின் ரயர் மாத்த வேணும், அதை இந்தக் கிழமை நானே குடுத்து மாத்தப் போறன். ரெண்டாவது ஹெல்மெட் எங்களிட்ட இருக்கு.